கடையில் கேட்கும் கேள்விகள்: செல்போன், கணினி, மோட்டார் சைக்கிள், பந்தயம்

காரைக்குடியில் செல்போனும் கணினியும் பழுது பார்க்கும் கடை வைத்து 19 ஆண்டுகள் ஆகின்றன. கடை வாசலில் என் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 நிற்கும். உள்ளே சுவரில் பந்தய வீரர்களின் படங்கள் இருக்கும். அதனால் திரை உடைந்த போனோடு வருகிறவர்களும் பைக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கடையில் கூட்டம் இருக்கும்போது அரைகுறையாகச் சொல்லி அனுப்பிய பதில்களை இங்கே முழுதாக எழுதியிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பொருளையும் பத்தாவது ஆண்டில் அது என்ன நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பார்ப்பது என் வழக்கம். பதில்களும் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

15,000 ரூபாய்க்குள் எந்தப் போன் வாங்கலாம்?

ஒரு மாடலின் பெயரைச் சொல்லிவிட்டால் கேட்டவருக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் அடுத்த தீபாவளிக்குள் அந்த மாடல் கடைகளிலேயே இருக்காது. ஆகவே இரண்டு விஷயங்களை விசாரித்துவிட்டு வாங்கச் சொல்கிறேன்.

முதலாவது, பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்பது. 2023இல் வந்த கூகுள் பிக்ஸல் 8க்கும் 2024இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் 24க்கும் 7 ஆண்டுகள் என்று அந்த நிறுவனங்கள் அறிவித்தன. அவை விலை கூடிய போன்கள். விலை குறைந்தவற்றில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது என்றாலும், ஒரே விலையில் உள்ள இரண்டு போன்களுக்கிடையே இதில் வித்தியாசம் உண்டு. வங்கிக் கணக்கே போனுக்குள் வந்துவிட்ட காலத்தில் அப்டேட் நின்றுபோன போன் என்பது தாழ்ப்பாள் இல்லாத வாசல்.

இரண்டாவது, அந்தப் போனுக்கு டிஸ்ப்ளேயும் பேட்டரியும் நம் ஊரில் கிடைக்குமா என்பது. திரை உடைந்தால் மதுரைக்கும் திருச்சிக்கும் அலையவைக்கும் போன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். கடைக்காரரிடம் கேட்பதைவிடப் பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள், உண்மை தெரியும்.

மெகாபிக்ஸல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். படத்தின் தரம் சென்சாரின் அளவிலும் லென்ஸிலும் இருக்கிறது. மாலை வெளிச்சத்தில், விளக்குப் போடாத பட்டாலையில் (கூடத்தில்) நிற்கும் ஒருவரைப் படம் எடுத்துப் பாருங்கள். முகம் தெளிவாக வந்தால் அது நல்ல கேமரா.

இரவு முழுவதும் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா?

போன் வெடித்துவிடும் என்ற பயத்தில் கேட்டால், நல்ல சார்ஜராக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. பேட்டரி நிறைந்ததும் போனே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று கேட்டால், வேண்டாம் என்பேன்.

லித்தியம் அயனி பேட்டரிக்கு இரண்டு பகைவர்கள் உண்டு: ஒன்று சூடு, மற்றொன்று நீண்ட நேரம் 100 சதவீதத்தில் நிற்பது. இரண்டும் சேரும்போது உள்ளே இருக்கும் வேதிப்பொருள்கள் வேகமாகச் சிதைகின்றன. தலையணைக்கு அடியில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் ஏற்றுவது இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதாகும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலில் காரின் முன்கண்ணாடிக்கு அடியில் போனை வைத்துவிட்டு வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டுக்குள்) விருந்து சாப்பிடப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. 20க்குக் கீழே இறங்கவிடாமல், 80 அல்லது 85க்கு மேல் ஏற்றாமல் வைத்துக்கொண்டால் போதும். இப்போது வரும் பல போன்களில் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. தேடி எடுத்து இயக்கிவையுங்கள்.

இதை நான் காரைக்குடிக்காரன் என்ற உரிமையோடு சொல்கிறேன். பேட்டரி பற்றிய ஆராய்ச்சியும் நடக்கும் நாட்டின் பெரிய நிறுவனம் ஒன்று நம் ஊரில்தான் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. லித்தியம் அயனி பேட்டரி கடைக்கு வந்ததே 1991இல்தான். அதற்கு முன்பே மின்வேதியியலுக்காக நிலத்தை அள்ளிக் கொடுத்த ஊர் இது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பேட்டரி ஏன் கெடுகிறது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

போனின் பின்பக்கம் உப்பியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

ஒரு நாள்கூடக் கூடாது. உள்ளே உப்பியிருப்பது பேட்டரி. சார்ஜில் போடாமல், அழுத்தாமல், குத்தாமல் அணைத்துவிட்டு உடனே கொண்டுவாருங்கள். குப்பைத் தொட்டியில் போடவே கூடாது.

ஏன் தம்பி, முகப்பில் கிடைக்கும் வைஃபை அடுப்படியில் கிடைக்கவில்லை?

இதைக் கேட்காத ஆச்சி செட்டிநாட்டில் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் பேரனோடு பேச வேண்டியது ஆச்சி. அவர் இருப்பது வீட்டின் மூன்றாம் கட்டில், அதாவது அடுப்படி இருக்கும் பின்பகுதியில். ரூட்டர் இருப்பதோ முகப்பில், ஏனென்றால் கேபிள் கொண்டுவந்தவருக்கு அங்கே வைப்பதுதான் சுலபம். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டில், ஒன்றரை அடி இரண்டு அடி கனமுள்ள சுவர்களைத் தாண்டி அந்த அலை போக வேண்டியிருக்கிறது.

ரூட்டர் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துபோகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது. ஆனால் சுவரை ஓரளவு ஊடுருவும். முதல் வேலையாக ரூட்டரை வளவுக்குக் கொண்டுபோங்கள். திறந்த முற்றத்தின் ஓரத்தில், தலைக்கு மேலான உயரத்தில் வையுங்கள். முற்றத்தில் சுவர் இல்லை. சுற்றியுள்ள அறைகளுக்கெல்லாம் வாசல் வழியாக அலை போகும். பித்தளைப் பாத்திரங்கள் அடுக்கிய அறைக்குள்ளோ இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ வைக்காதீர்கள்.

அதற்குப் பிறகும் மூன்றாம் கட்டுக்குக் கிடைக்கவில்லை என்றால், ‘ரிப்பீட்டர்’ என்று விற்கும் விலை மலிந்த கருவியை நான் சொல்ல மாட்டேன். தனக்கே சரியாகக் கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? ஒரு லான் கேபிளை உத்தரத்தின் ஓரமாக இழுத்து, இரண்டாம் கட்டிலோ மூன்றாம் கட்டிலோ இன்னொரு ரூட்டரை வையுங்கள். அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். எவ்வளவு நீளமான வீட்டுக்கும் அது போதும்.

ஒரு வேண்டுகோள். கேபிள் இழுப்பதற்காகத் தேக்குத் தூணிலும் நிலையிலும் ஆணி அடிக்க விடாதீர்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்துப் பளபளவென்று இருக்கும் பூச்சுச் சுவரை டிரில் போட்டுத் துளைக்க விடாதீர்கள். அந்தப் பூச்சைச் செய்யத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு. நூறு ஆண்டுச் சுவரில் விழுந்த துளையை ஒரு ரூட்டருக்காக யாரும் அடைத்துத் தரப்போவதில்லை. ஏற்கனவே இருக்கும் காற்றுத் துவாரங்கள் வழியாகவே கேபிளைக் கொண்டுபோக முடியும். ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும். கேபிள் போடுகிறவரை அந்த ஒரு மணி நேரம் இருக்கச் செய்யுங்கள்.

இடி மின்னலில் ரூட்டரும் டிவியும் அடிக்கடி போகின்றன. ஸ்டெபிலைசர் வைத்தால் போதாதா?

போதாது. ஸ்டெபிலைசர் மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்கு உரியது. மின்னல் மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. கேபிள் டிவி வயர் வழியாகவும் வரும். பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பியே இல்லாத வயரிங் இருக்கிறது. அங்கே எந்தப் பாதுகாப்புக் கருவியை மாட்டினாலும் வந்த மின்சாரம் இறங்கிப் போக வழி இருக்காது. முதலில் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போடுங்கள். பிறகு இடி கேட்டவுடன் பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இதற்கு மேல் சிறந்த வழி இல்லை.

இன்வெர்ட்டர் வாங்கினால், வீட்டு மின்சாரத்தைப் போலவே சீரான அலையாகத் தரும் சைன் வேவ் வகையையே வாங்குங்கள்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்கிறார்களே, கணினியைத் தூக்கிப் போட வேண்டுமா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றது. கணினி வழக்கம்போல ஓடும். ஓட்டை அடைக்கும் அப்டேட்கள்தான் முன்போலத் தானாக வராது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதலான செயலிகளைத்தான் அது ஏற்கும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் ஒரே நாளில் ‘பழையவை’ ஆகிவிட்டன. இது எனக்குக் கோபம் தரும் விஷயம். அந்தக் கணினிகளில் கெட்டுப்போனது எதுவும் இல்லை.

வீட்டில் இணையம் பார்ப்பது, கடிதம் தட்டச்சு செய்வது, படம் பார்ப்பது ஆகியவைதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். கடிதம் தட்டச்சு செய்ய உதவும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளில் தமிழ் இடைமுகமும் உண்டு. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகம் ஒன்றைப் போட்டால் பத்து வயதுக் கணினி புதிதுபோல எழுந்து ஓடும். கடையில் நான் செய்யும் வேலைகளிலேயே வாடிக்கையாளர் முகம் அதிகம் மலர்வது இதற்குத்தான். கணக்குக்கு டேலி வைத்திருக்கும் வணிகர்கள் மட்டும் விண்டோஸிலேயே இருங்கள். டேலி லினக்ஸுக்கு வரவில்லை.

திருட்டு மென்பொருள் போட்டுத்தரச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். நட்பு கெட்டாலும் பரவாயில்லை. பூட்டை உடைத்துக் கொடுத்தவன் உங்கள் வீட்டுக்கு ஒரு சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டானா என்பது உங்களுக்குத் தெரியாது.

தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்ய எது நல்லது?

தமிழ் 99. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை இது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகள் வலக்கைக்கு. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல்கள். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழ் வரவழைப்பவர்கள் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுகிறார்கள். பதினைந்து நாள் பயிற்சி எடுத்தால் போதும். பிறகு கை தானாகத் தமிழில் ஓடும். பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெட்டகத்தில் பழைய கணக்கேடுகளும் பர்மாவிலிருந்து வந்த கடிதங்களும் இருக்கின்றன. போனிலேயே படம் எடுத்துவைக்கலாமா?

எடுங்கள், இந்த வாரமே எடுங்கள். கறையானும் கசிவும் நாள் பார்ப்பதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் மறைந்த பின் அந்தத் தொகுப்பை அடித்தளமாக வைத்து 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராயும் எவரும் அங்கே போகாமல் இருக்க முடியாது. உங்கள் பெட்டகத்தில் இருப்பதும் அந்த வகைச் செல்வம்தான்.

வளவில் காலை வெளிச்சத்தில், வெயில் நேராக விழாத இடத்தில் தாளை விரித்துவையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். போனைத் தாளுக்கு நேர் மேலே, சாயாமல் பிடியுங்கள். ஓர் அடிக்கோலைத் தாளின் பக்கத்தில் வைத்து எடுத்தால் அளவு பின்னால் தெரியும். எடுத்த படத்துக்கு அன்றைக்கே பெயரிடுங்கள்: ஆண்டு, யார் யாருக்கு எழுதியது, எந்த ஊர். பெயரில்லாத ஆயிரம் படங்கள் திறக்காத பெட்டகத்துக்குச் சமம். மூன்று பிரதிகள் வையுங்கள். அவற்றில் ஒன்று வேறு ஊரில் உறவினர் வீட்டில் இருக்கட்டும். மூலத்தை எறிந்துவிடாதீர்கள். ‘படம்தான் எடுத்துவிட்டோமே’ என்று சொல்லி ஏடுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்ட ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அந்தப் படங்கள் இருந்த போனும் ஆறு மாதத்தில் ஊருணியில் விழுந்துவிட்டது.

பணம் வர வேண்டும் என்றால் பின் நம்பர் போட வேண்டுமா?

வேண்டாம். யூ.பி.ஐ.யில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ‘பணம் வரும், பின் போடுங்கள்’ என்று யார் சொன்னாலும் அவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்விடும்.

வழி பார்ப்பதற்காகப் போனை பைக்கின் ஹேண்டில்பாரில் மாட்டலாமா?

விலை கூடிய போனை மாட்டாதீர்கள். கேமராவில் கை நடுக்கத்தைச் சமன்செய்ய லென்ஸை அசைக்கும் மிக நுண்ணிய பொறி இருக்கிறது. என்ஜின் அதிர்வு தொடர்ந்து பட்டால் அது கெடும். ஆப்பிள் நிறுவனமே 2021இல் இப்படி எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் பிடிப்பான் வாங்கலாம்; அல்லது பழைய போன் ஒன்றை வழிகாட்டுவதற்கென்று வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த வழி, போனைச் சட்டைப்பைக்குள் வைத்து ஒரு காதில் மட்டும், குறைந்த ஒலியில் வழியைக் கேட்பது.

அண்ணே, ஆர்எக்ஸ் 100ஐ ஏன் மறுபடி தயாரிக்கக் கூடாது?

1985 முதல் 1996 வரை வந்த வண்டி; 98 சி.சி., ஏறத்தாழ 11 குதிரைத்திறன். இன்றைய எண்களோடு ஒப்பிட்டால் அது சாதாரணம். ஆனால் வண்டியின் எடை மிகக் குறைவு. அதோடு டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எரிக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். கையைத் திருகியதும் வண்டி தாவுவதன் காரணம் அதுதான். அதே காரணத்தால்தான் அது போய்விட்டது: எரியாத பெட்ரோலும் ஆயிலும் புகையோடு வெளியே போகின்றன. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளைச் சமாளிக்க முடியவில்லை. பந்தயத்திலும் இதே கதைதான். 500 சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் 2001 வரை. 2002இல் 990 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் வந்து அவற்றை ஓரங்கட்டியது. நான் என் வண்டியை உயிராக வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் புகையை ஊர் முழுவதும் மீண்டும் பரப்ப வேண்டும் என்று கேட்க மாட்டேன்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரின் பழைய ரப்பர் பாகங்களை இளக்கும். எத்தனாலில் ஆற்றலும் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். குழாய்களையும் வாஷர்களையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

மகன் கல்லூரிக்குப் போக 200 சி.சி. பைக் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

இதைக் கேட்கும் தாய்மார்களிடம் நான் முதலில் மகனை அழைத்துவரச் சொல்கிறேன். வண்டியை விட ஓட்டுகிறவனைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் சிறிய வண்டியை ஒழுங்காக ஓட்டியிருந்தால், ஓட்டுநர் உரிமம் இருந்தால், வண்டியைத் தானே துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுகிறவனாக இருந்தால், வாங்கிக் கொடுங்கள் என்பேன். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். மழையில் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான்.

வண்டி விலையில் ஹெல்மெட்டைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். தலைக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். வாரைப் பூட்ட வேண்டும். ஒரு முறை கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட், பார்க்க நன்றாக இருந்தாலும், உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும். மாற்றிவிடுங்கள். என் கூட்டாளி ஒருவன் ஹெல்மெட்டைக் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு போன நாளை நான் மறக்கவில்லை. அதனால்தான் இதில் மட்டும் என் குரல் உயர்கிறது.

செயின் சீக்கிரம் தேய்கிறது, டயர் வழுக்குகிறது. வண்டி சரியில்லையா?

வண்டி சரியாகத்தான் இருக்கிறது. காரணம் நம் செம்மண். அந்தத் தூள் செயினில் இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து உப்புத்தாள் போல அரைக்கும். 500 கி.மீ.க்கு ஒரு முறை துடைத்து, செயினுக்கென்று விற்கும் எண்ணெயை விடுங்கள். ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. ‘புதிய டயர்’ என்று கடையில் கொடுப்பது நான்கு ஆண்டு கிடந்ததாகவும் இருக்கலாம், பார்த்து வாங்குங்கள். நீங்கள் எவ்வளவு பெரிய வண்டி ஓட்டினாலும் சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒவ்வொரு சக்கரத்திலும் ஓர் உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. அதில் எத்தனை பேர் காற்று பார்க்கிறார்கள்?

மோட்டோ ஜி.பி. பார்க்க ஆசை, ஒன்றும் புரியவில்லை. எங்கே தொடங்குவது?

நம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத்தானே விடுகிறார்கள்? மோட்டோ ஜி.பி. என்ற உலக மோட்டார் சைக்கிள் பந்தயமும் அப்படித்தான். மோட்டோ 3 என்பது 250 சி.சி. ஒற்றை சிலிண்டர்; பூஞ்சிட்டு. இளம் வீரர்கள், கடைசிச் சுற்றில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே கொத்தாக வருவார்கள். மோட்டோ 2இல் எல்லாருக்கும் ஒரே 765 சி.சி. டிரையம்ஃப் என்ஜின், ஆகவே யார் திறமைசாலி என்பது மறைக்க முடியாமல் தெரிந்துவிடும். மேலே இருப்பது மோட்டோ ஜி.பி., 1000 சி.சி. 2027 முதல் அது 850 சி.சி.யாகக் குறைகிறது.

புதிதாகப் பார்ப்பவர்கள் மோட்டோ 3இலிருந்து தொடங்குங்கள். பெரிய வகுப்பில் வேகம் அதிகம்; ஆனால் ஏன் ஒருவர் முந்துகிறார், ஏன் ஒருவர் பின்தங்குகிறார் என்பதைக் கண் பழகாமல் பிடிக்க முடியாது. 2023இல் இத்தாலியின் முஜெல்லோவில் பிராட் பிண்டர் மணிக்கு 366.1 கி.மீ. தொட்டார். அந்த எண்ணைவிட, அந்த வேகத்திலிருந்து அடுத்த வளைவுக்காக அவர் பிரேக் பிடிக்கும் இடத்தைப் பாருங்கள். பந்தயம் அங்கேதான் நடக்கிறது. சாரதி கயிற்றை எந்த இடத்தில் இழுக்கிறார் என்று பார்க்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இருக்காது.

சனிக்கிழமை பாதித் தூரத்துக்கு ஸ்பிரிண்ட் பந்தயம். வென்றால் 12 புள்ளிகள். ஞாயிறு முழுப் பந்தயம், 25 புள்ளிகள். கோடையில் ஐரோப்பாவில் நடப்பவை பெரும்பாலும் நமக்கு மாலை 5.30 மணிக்குத் தொடங்கும். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இந்தியாவிலும் ஒரு முறை நடந்தது: 2023 செப்டம்பரில், கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில். மார்கோ பெசெச்சி வென்றார். அன்றைய வெப்பத்தைப் பார்த்து 24 சுற்றுகளை 21ஆகக் குறைத்தார்கள். இரண்டாவதாக வந்த ஹோர்ஹே மார்ட்டின், உடலில் நீர் வற்றி, வண்டியைவிட்டு இறங்கியதும் நிற்க முடியாமல் தவித்தார். போனுக்கும் வெப்பம்தான் எதிரி, வீரனுக்கும் அதுதான் என்று அன்று கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரோஸியா, மார்க்கேஸா?

மோட்டோ ஜி.பி. வீரர்களில் யார் பெரியவர் என்ற கேள்வி இது. இருவரும் தலா ஒன்பது உலகப் பட்டங்கள்; பெரிய வகுப்பில் தலா ஏழு. எண்ணிக்கையில் பழைய வீரர் ஜாகோமோ அகோஸ்டினியின் பதினைந்தை இருவருமே தொடவில்லை.

2004இல் வென்றுகொண்டிருந்த ஹோண்டாவை விட்டுவிட்டு, தோற்றுக்கொண்டிருந்த யமஹாவுக்குப் போய் முதல் பந்தயத்திலேயே ஜெயித்த ரோஸியைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது. ஆனால் இன்று கேட்டால் மார்க் மார்க்கேஸ் என்பேன். 2020 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸ் பந்தயத்தில் விழுந்து வலக்கை முறிந்தது. அந்த ஒரு கைக்கு நான்கு அறுவைச் சிகிச்சைகள். எல்லாரும் அவர் முடிந்துவிட்டார் என்றார்கள். தான் பழகிய அணியை விட்டு, 2024இல் முந்தைய ஆண்டு வண்டியோடு ஓடும் சிறிய அணிக்கு வந்தார். 2025இல் மறுபடி உலக வாகையர். வேகம் பலரிடமும் இருக்கிறது. உடைந்த கையோடு ஐந்து ஆண்டுகள் காத்திருக்கும் மனம் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ரோஸி ரசிகர்கள் கடைக்கு வந்து வாதம் செய்யலாம், வரவேற்கிறேன்.

பந்தயத்தால் நமக்கு என்ன பயன்?

பந்தயத்தில் வந்ததெல்லாம் சாலைக்கு வருகிறது என்பது விளம்பரம். கார்பன் பிரேக் நம் சாலைக்கு உதவாது; சூடேறினால்தான் அது பிடிக்கும். ஆனால் பின்சக்கரம் வழுக்காமல் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு பந்தயத்தில் பட்டைதீட்டப்பட்டது. வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அறியும் சென்சார், நீங்கள் போனைத் திருப்பியதும் படம் திரும்புகிறதே, அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

எனக்குப் பந்தயம் கற்றுக்கொடுத்தது வேறு. ஒரு பந்தய மெக்கானிக் ஒவ்வொரு பாகத்துக்கும் அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதி வைத்திருப்பார். உடையும் வரை காத்திருக்காமல் முன்பே மாற்றுவார். அதைப் பார்த்துத்தான் கடையில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் போனுக்கும் பேட்டரி மாற்றிய தேதியை எழுதும் நோட்டு வைத்தேன்.

பைபாஸ் சாலையில் இரவில் பந்தயம் விடுகிறார்களே, அதுவும் திறமைதானே?

இல்லை. பந்தயத் தடத்தில் எதிரே வண்டி வராது, மாடு குறுக்கே வராது. விழுந்தால் உருண்டு நிற்கச் சரளை இருக்கும், மருத்துவர் நிற்பார். மோட்டோ ஜி.பி. வீரர்களுக்கு 2018 முதல் காற்றுப்பை உள்ள உடை கட்டாயம். இவை எதுவுமே இல்லாமல், சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவர் வரும் சாலையில் முடுக்குவது திறமை ஆகாது. இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

ஆனால் இளைஞர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு இடம் இல்லை. சென்னைப் பந்தயங்கள் தொடங்கிய சோழவரம், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம்தான். அதே காலத்து ஓடுதளம் ஒன்று நம் செட்டிநாட்டிலும் கிடக்கிறது. உரிய அனுமதியோடும் பாதுகாப்போடும் ஆண்டுக்கு இரண்டு நாள் அங்கே இளைஞர்களுக்குப் பிரேக் பிடிக்கவும் வளைக்கவும் பயிற்சி கொடுத்தால் பைபாஸில் விழும் பிள்ளைகள் குறைவார்கள். நான் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பது இதுதான்.

மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா?

ஒரு நாளைக்கு 40 கி.மீ.க்குள் ஓட்டுகிறவர், வீட்டில் எர்த் உள்ள பிளக் இருக்கிறவர் தாராளமாக வாங்கலாம். தீ விபத்துகளுக்குப் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியை 2022 டிசம்பரிலிருந்து இரண்டு கட்டமாகக் கடுமையாக்கினார்கள். அதற்கு முந்தைய பழைய வண்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். வெயிலில் ஓட்டி வந்ததும் சார்ஜ் போடாமல் அரை மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். மின்சாரப் பந்தயமான மோட்டோ ஈ 2025 பருவத்தோடு நிறுத்திவைக்கப்பட்டது. அதை வைத்து ஸ்கூட்டரை எடைபோட வேண்டாம். சந்தைக்குப் போய்வரும் வண்டிக்கு அந்த வேகம் தேவையில்லை.

நேரில் ஒரு பந்தயம் பார்க்க வேண்டும். காரைக்குடியிலிருந்து எப்படிப் போவது?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே சுமார் 3.7 கி.மீ. தடம், தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடக்கும். இரவு ரயிலில் ஏறினால் விடிகாலையில் சென்னை. பூந்தமல்லிக்குப் போய் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸைப் பிடியுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் போக வசதி உள்ளவர்களுக்குச் செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் நினைவாக அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அது சிறிய தடம், வண்டிகள் கண்ணெதிரிலேயே சுற்றிவரும்.

தொப்பி, தண்ணீர், காதுக்குப் பஞ்சு எடுத்துப்போங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பஞ்சு கட்டாயம். நேர்ப்பாதையில் உட்கார்ந்தால் வண்டிகள் கடந்துபோகும் சத்தம் மட்டும்தான் கிடைக்கும். நேர்ப்பாதை முடிந்து முதல் வளைவு தொடங்கும் இடம் தெரிகிற மாதிரி இடம் பிடியுங்கள். முதல் சுற்றில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பிரேக் பிடித்து அங்கே திரும்புவார்கள். நடுவில் மழை வந்தால் பந்தயத்தை நிறுத்தி டயர் மாற்ற நேரம் ஆகும்; பலரும் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். காலையிலெல்லாம் பின்னால் ஓடிக்கொண்டிருந்த பையன் ஈரத் தடத்தில் ஒவ்வொருவராகத் தாண்டி முன்னால் வருவதை நான் அங்கே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.